இருந்த இடம்

கீரமங்கலம் பூக்கடைகளில் காலை வேளையில் எடை சொல்லும் குரல் தெருமுனை வரை கேட்கும். மல்லிகை, முல்லை, காட்டுமல்லி, சம்பங்கி, கனகாம்பரம், செண்டி என்று சுற்றுவட்டாரத் தோட்டங்களில் விடியும் முன்பே பறித்ததெல்லாம் பையிலும் கூடையிலும் வந்து தராசில் ஏறும். முகூர்த்த நாள் என்றால் விலை எகிறும். முகூர்த்தம் இல்லாத நாளில் பறிகூலிக்குக்கூடக் கட்டாது. இந்தக் கணக்கில் சேராத ஒருவர் மட்டும் எந்த நாளிலும் வந்து நிற்பார். தோளில் துண்டு, கண்ணில் தூங்காத சிவப்பு. பேரம் பேச மாட்டார். ‘கேதத்துக்கு’ என்பார், சாவு வீட்டுக்கு என்று அர்த்தம். கடைக்காரரும் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் மாலையை எடுத்துக் கொடுப்பார்.

மாலை வாங்கிப் போனவருக்கு அடுத்தடுத்த வாரங்களில் என்ன ஆகிறது? ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பலர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: ‘சாமி மேல பாரத்தைப் போட்டுட்டேன்.’ சொல்லும்போது சிலர் முகத்தில் உண்மையிலேயே ஒரு தெளிவு தெரியும். அந்தத் தெளிவை நான் சந்தேகிக்கவில்லை. எனக்குள்ள கேள்வி வேறு. போட்ட பாரம் எங்கே போகிறது? மூளையிலும் இதயத்திலும் மூச்சிலும் அது எந்த வடிவத்தில் இருந்தது, எந்த வழியாக இறங்கியது? கடந்த சில பத்தாண்டுகளின் ஆய்வுகளில் இதற்குப் பாதிப் பதிலாவது கிடைக்கிறது. விதி, கர்மா, முற்பிறவி என்று நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் விளக்கங்களுக்கு அந்தப் பதிலில் கொஞ்சம் இடம்தான். ‘சும்மா பழக்கத்துக்குச் செய்றது’ என்று ஒதுக்கும் காரியங்கள்தான் அதில் நிறைய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

அதற்கு முன் ஒரு புயலைச் சொல்ல வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று உள்நாட்டுக்குள் வெகுதூரம் வலுக் குறையாமல் வந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு பக்கத்துத் தோப்புகளில் தென்னையோடு பலாவும் வாழையும் போயின, வெற்றிலைக் கொடிக்கால் போயிற்று. தென்னங்கன்றை அங்கே தென்னம்பிள்ளை என்பார்கள். பெத்த பிள்ளை சோறு போடாவிட்டாலும் வச்ச பிள்ளை போடும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த மரங்கள். நெட்டை ரகம் காய்ப்புக்கு வரவே ஆறேழு வருஷம் பிடிக்கும். ஒரு தலைமுறை தண்ணீர் ஊற்றியது ஒரு ராத்திரியில் தரையில் கிடந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் உயிரை விட்ட விவசாயிகளும் டெல்டாப் பகுதியில் உண்டு.

புயலுக்கு அடுத்த வாரங்களில் அந்தச் சாலையில் போனபோது, பழகிய வழியிலேயே நான் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். அடையாளம் வைத்திருந்த மரம் இல்லை. உள்ளூர்க்காரர்களுக்கு அது வேறு மாதிரி நடந்தது. வழி கேட்டால், ‘அந்தப் பலாமரம் வரைக்கும் போங்க, அங்கேருந்து கிழக்கே’ என்று கையை நீட்டிவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொள்வார்கள். காட்டிய இடத்தில் ஆகாசம்தான் இருந்தது. மரம் விழுந்த செய்தி கண்ணுக்குத் தெரியும், கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

நார்வே நாட்டின் ட்ரொண்ட்ஹைம் நகரில் ஓர் ஆய்வகம் இருக்கிறது. மூளை இடத்தை எப்படி அறிகிறது என்று கண்டுபிடித்ததற்காக 2014-இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவரும் நடத்தியது. அந்தக் குழு 2013-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. எலியை ஒரு பெட்டிக்குள் ஓடவிட்டு, அதன் மூளையில் என்டோரைனல் புறணி என்ற பகுதியிலுள்ள நரம்புச் செல்களின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். பெட்டிக்குள் ஒரு பொருளை வைத்தால், எலி அதன் பக்கத்தில் போகும்போது சில செல்கள் துடித்தன. இது எதிர்பார்த்ததுதான். பொருளை எடுத்த பிறகுதான் ஆச்சரியம். அது இருந்த இடத்துக்கு எலி வரும்போது, அதுவரை பேசாதிருந்த வேறு சில செல்கள் துடித்தன. பொருள் இருக்கும்போது அவற்றுக்கு வேலையில்லை. அது இல்லாமல் போன இடத்தைக் குறிப்பதுதான் அவற்றின் வேலை. இந்தத் துடிப்பு நாள்கணக்கில் நீடித்தது.

இல்லாமையைப் பார்ப்பதற்கென்றே மூளையில் செல்கள் உண்டு என்பதை முதலில் படித்தபோது எனக்கு அந்த நீட்டிய கைதான் ஞாபகம் வந்தது. எலியின் மூளையில் பொருளுக்கு நடப்பதையும் மனிதர் மூளையில் மனைவிக்கு நடப்பதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் அரிசோனா பல்கலைக்கழகத்தில் துக்கத்தின் நரம்பியலை ஆராயும் மேரி-பிரான்சிஸ் ஓ’கானர், 2022-இல் வெளிவந்த தன் நூலில் இதே எலிச் சோதனையை எடுத்துக்கொண்டுதான் துக்கத்தை விளக்குகிறார். நெருங்கியவர் எங்கே இருக்கிறார், எப்போது வருவார், எவ்வளவு நெருக்கம் என்று மூளை ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தால் ஐம்பது வருஷமாக அந்த வரைபடம் தினமும் சரிபார்க்கப்பட்டு உறுதியாகிறது. சாவு ஒரே நாளில் நடக்கிறது. ‘செத்துப்போனார்’ என்ற ஒரு ஞாபகமும் ‘சாயங்காலம் வந்துவிடுவார்’ என்ற பல்லாயிரம் நாள் பழக்கமும் ஒரே தலைக்குள் மோதுகின்றன. கதவு தட்டினால் அவர்தான் என்று எழுந்துவிடுவதும், இரண்டு டம்ளர் காப்பி கலந்துவிடுவதும் கிறுக்கல்ல. பழைய வரைபடம் இன்னும் வேலை செய்கிறது, அவ்வளவுதான். ஓ’கானர் கணக்கில் துக்கம் என்பது ஒரு வகைக் கல்வி. அவர் இல்லாத உலகத்தை மூளை நாள் நாளாகப் படிக்க வேண்டியிருக்கிறது. படிப்புக்கு நேரமும் திரும்பத் திரும்ப ஒரே பாடமும் வேண்டும்.

படிக்கும் காலத்தில் உடம்பு சும்மா இருக்காது. நெருங்கியவர் இறந்த செய்தி கேட்ட முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு வழக்கமான நாளைவிட 21 மடங்கு கூடுகிறது, பிறகு நாளுக்கு நாள் குறைகிறது என்று 2012-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அமெரிக்காவில் மாரடைப்பு வந்த ஏறத்தாழ 2,000 பேரிடம் திரட்டிய தகவல் அது. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் இன்னொன்றைப் பதிவு செய்தார்கள். கடும் அதிர்ச்சிக்குப் பிறகு இதயத்தின் இடது கீழறை ஒருபக்கம் உப்பி, ஆக்டோபஸ் பிடிக்கும் குறுகிய வாய்ப் பானை போல ஆகிவிடுகிறது. ரத்தக்குழாயில் அடைப்பு இருக்காது. அந்தப் பானையின் பெயரையே வைத்து ‘டகோட்சுபோ’ என்றார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம் வருகிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடுகிறது. ‘நெஞ்சு வெடிச்சிடும்போல இருக்கு’ என்று ஒருத்தி சொல்லும்போது அதை வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். சாவு வீட்டில் பெரியவர்களைத் தனியாக விடாதே, வாயில் ரெண்டு சொட்டு தண்ணி விடு என்று பக்கத்து வீட்டுக்காரிகள் மிரட்டுவது நல்ல மருத்துவம்.

இனி மூச்சுக்கு வருவோம். விஷயம் செறிவாக இருப்பது இங்கேதான்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிஷத்துக்கு 12 முதல் 18 தடவை மூச்சு விடுகிறார். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகிறது, விடும்போது சற்று மெதுவாகிறது. விடும்போது பிரேக் போடுவது வேகஸ் என்ற நரம்பு. மூளையின் அடியிலிருந்து கிளம்பி கழுத்து வழியாக இதயம், நுரையீரல், குடல் வரை இறங்கும் நீண்ட நரம்பு அது. கழுத்துத் தமனியிலும் மகாதமனியிலும் ரத்த அழுத்தத்தை அளக்கும் உணர்விகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் துடிப்பைக் குறைக்கவும் இறங்கினால் கூட்டவும் இவை தகவல் கொடுக்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு உடம்பில் இயல்பாகவே ஒரு தாளம் உண்டு. ஒரு சுற்றுக்குச் சுமார் பத்து நொடி. ஆகவே ஒருவர் நிமிஷத்துக்கு ஆறு மூச்சு என்று நிதானித்தால், மூச்சின் தாளமும் ரத்த அழுத்தத்தின் தாளமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது மாதிரி. ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அந்த ஒழுங்கமைப்பு கூர்மையாகிறது, வேகஸின் பிடி வலுக்கிறது, பதற்றத்தின் வேகம் குறைகிறது.

இத்தாலியின் லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 23 பேர். அவர்களை லத்தீன் மொழியில் ஜெபமாலைச் செபத்தைச் சொல்லச் செய்தார்கள். பிறகு ‘ஓம் மணி பத்மே’ மந்திரத்தைச் சொல்லச் செய்தார்கள். இரண்டும் வேறு மதம், வேறு மொழி, வேறு பொருள். இரண்டிலுமே மூச்சு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஆறு என்று தானாகவே வந்து நின்றது. மூச்சை எண்ணு என்று யாரும் சொல்லவில்லை. செபத்தின் நீளமே மூச்சை அளந்துவிட்டது. ஜெபமாலைப் பழக்கம் கிழக்கிலிருந்து அரேபியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போயிருக்கலாம் என்ற பழைய ஊகத்தையும் அந்தக் கட்டுரை தொட்டுக்காட்டியது. ஊகம் எப்படியானாலும் ரத்தக்குழாய்களுக்கு லத்தீனும் தெரியாது, சமஸ்கிருதமும் தெரியாது.

புதுக்கோட்டைப் பக்கம் சாவு வீட்டில் சிவபுராணம் படிப்பது வழக்கம். பிணம் எடுக்கும் முன்பும் கருமாதி அன்றும் நாலு பேர் உட்கார்ந்து ஒரே குரலில் படிப்பார்கள். சிவபுராணம் 95 அடி. ஓர் அடிக்கு ஒரு மூச்சு, ஒரு மூச்சுக்குப் பத்து நொடி என்று நிதானமாக இழுத்துப் படித்தால் பதினாறு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. இது ஆய்வகக் கணக்கல்ல, என் கைக்கடிகாரக் கணக்கு. அவசரமாகப் படிக்கிறவர்கள் பாதி நேரத்தில் முடித்துவிடுவார்கள், அப்போது இந்தக் கணக்கு நிற்காது. ஆனால் பழைய ஆட்கள் படிப்பதைக் கவனித்தால் அடியின் கடைசி எழுத்தை நெஞ்சு காலியாகும் வரை இழுத்து விடுவது தெரியும். உள்ளே இழுப்பது சின்னது, வெளியே விடுவது பெரியது. வேகஸ் நரம்புக்கு வேண்டியதும் அதுதான்.

ஒப்பாரியிலும் இதே கட்டமைப்பு ஒளிந்திருக்கிறது. ஒரு நீண்ட அடி, அதன் முடிவில் குரல் உடைந்து நெடுமூச்சாக வெளியேறும் ஓர் இழுப்பு, ஒரு சின்ன விம்மல், மறுபடி அடுத்த அடி. ஒப்பாரி வைக்கிறவள் வெறுமனே அழுவதில்லை. செத்தவரைக் கூப்பிடுகிறாள், முறை சொல்கிறாள், தனக்குச் செய்ததையும் செய்யாததையும் பட்டியல் போடுகிறாள், நாத்தனாரையும் கொழுந்தனையும் சாடைபேசுகிறாள், எமனைத் திட்டுகிறாள். உணர்ச்சிக்குச் சொல் கொடுத்தால் மூளையில் அச்சத்தைக் கிளப்பும் அமிக்டலா பகுதியின் துடிப்பு குறைகிறது என்று கலிபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் குழு 2007-இல் மூளைப் படத்தில் காட்டியது. அதற்கு இருபது வருஷம் முன்பே, 1986-இல், ஜேம்ஸ் பென்னிபேக்கர் கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிஷம், தங்கள் மனக்காயத்தை எழுதச் சொன்னார். எழுதியவர்கள் பிறகு மருத்துவரிடம் போவது குறைந்தது. அதிலிருந்து ‘எழுதுங்கள், ஆறும்’ என்பது உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. துணையை இழந்தவர்களிடம் இதே எழுத்து முறையைச் சோதித்து நெதர்லாந்தின் ஸ்ட்ரூபே, ஷுட் முதலியோர் 2002-இல் எழுதியபோது, எழுதியவர்களுக்கும் எழுதாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள். ஒப்பாரி இதிலிருந்து எங்கே விலகுகிறது என்பதற்கு என் ஊகம் எளிது. தாள் திரும்பப் பேசாது. ஒப்பாரியில் இன்னொருத்தி கழுத்தைக் கட்டிக்கொண்டு அடுத்த அடியை எடுக்கிறாள். வந்தவள் தன் வீட்டு சாவையும் சேர்த்து அழுதுவிட்டுப் போகிறாள். ஒருவர் தணலில் இன்னொருவரும் கையை நீட்டிக்கொள்கிறார். இன்றைக்கு ஒலிபெருக்கியில் ஓர் ஒப்பாரிப் பாட்டைப் போட்டுவிட்டு எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பந்தல்களைப் பார்க்கும்போது, காசு கொடுத்து வாங்கியது சத்தத்தைத்தான், வேலையை அல்ல என்று தோன்றுகிறது.

அதே ஸ்ட்ரூபேயும் ஷுட்டும் 1999-இல் சொன்ன இன்னொரு விஷயம் இன்றுவரை துக்க ஆய்வில் நிலைத்து நிற்கிறது. சாவைத் தாங்கிக்கொள்கிறவர்கள் எப்போதும் அழுதுகொண்டும் இருப்பதில்லை, எப்போதும் மறந்தும் இருப்பதில்லை. இழப்பை நோக்கி ஒரு முறை, வாழ்க்கையை நோக்கி ஒரு முறை என்று ஊசலாடுகிறார்கள். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து படிகளைப் பலரும் கேள்விப்பட்டிருப்போம். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அதைச் சொன்னது சாகப்போகும் நோயாளிகளைப் பற்றி. துக்கப்படுகிறவர்கள் ஏறித்தீர வேண்டிய படிக்கட்டாக அது பின்னால் ஆக்கப்பட்டது. ஊசலாட்டம்தான் உண்மைக்கு நெருக்கம். நம் காரியங்களின் நாட்கணக்கைப் பாருங்கள். மறுநாள் பால் தெளிப்பு, எட்டு, பதினாறாம் நாள் கருமாதி, முப்பது, வருஷத் திதி, அப்புறம் ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகள். இன்று அழு என்று ஒரு நாள், நாளைக்கு அடுப்பைப் பற்றவை என்று இடையில் பல நாள். இடைவெளி போகப் போக நீள்கிறது. பாடத்தைத் திரும்பப் படிக்க இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவதுதான் ஞாபகத்துக்கு நல்லது என்று கற்றல் ஆய்வாளர்கள் சொல்வதும் ஏறத்தாழ இதே அட்டவணைதான்.

சடங்கு பதற்றத்தைக் குறைக்கிறதா, அல்லது நேரம் போனதால் குறைகிறதா? இதைப் பிரித்துப் பார்க்க ஓர் அழகான சோதனை மொரிஷியஸ் தீவில் நடந்தது. 2020-இல் வெளியானது. அங்கே குடியேறிய மராத்தி வம்சாவளிப் பெண்கள் 75 பேரை எடுத்துக்கொண்டார்கள். முதலில் அவர்களுக்குப் பதற்றம் உண்டாக்க ஒரு வேலை: புயல், வெள்ளம் வந்தால் என்ன செய்வாய் என்று ஒரு திட்டம் தயார் செய், நிபுணர்கள் மதிப்பிடுவார்கள் என்றார்கள். புயல் அடிக்கும் தீவில் அது சும்மா கேள்வியல்ல. பிறகு ஒரு பகுதியினர் கோயிலில் வழக்கமாகச் செய்யும் பூஜையைச் செய்தார்கள், மீதிப் பேர் சும்மா உட்கார்ந்து இளைப்பாறினார்கள். பூஜை செய்தவர்களின் இதயத் துடிப்பில், ஆறுதலின் அடையாளமான ஏற்ற இறக்கம் கூடுதலாக இருந்தது. அவர்களே சொன்ன பதற்றமும் குறைவு. ஆராய்ச்சியாளர்கள் சொன்ன காரணம் இது: சடங்கில் அடுத்து என்ன வரும் என்று தெரியும். தீபம், பூ, மணி, சுற்று. எதுவும் கையில் இல்லை என்று தவிக்கும் மூளைக்கு, அடுத்த அசைவாவது தன் கையில் இருக்கிறது. அதே குழுவைச் சேர்ந்த டிமிட்ரிஸ் சிகலாட்டஸ், மொரிஷியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியையும் அளந்திருக்கிறார். அலகு அதிகம் குத்திக்கொண்டவர்கள் பிறகு தங்கள் மனநிலை கூடுதலாகத் தேறியதாகச் சொன்னார்கள். அதற்காக யாரும் அலகு குத்திக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கீரமங்கலத்துத் திண்ணைகளில் பூக்கட்டும் பெண்களைப் பார்த்தாலே போதும். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நாரை ஒரு சுண்டு, அடுத்தது. துக்கம் நடந்த வீட்டுப் பெண் முதலில் கைக்கு எடுக்கும் வேலை பல சமயம் அதுதான்.

ஆன்மிகம் எப்போதும் ஆற்றுவதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளர் குழு, மருத்துவமனையில் சேர்ந்திருந்த 596 முதியவர்களை இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்து 2001-இல் எழுதியது: கடவுள் என்னைக் கைவிட்டார், தண்டிக்கிறார் என்ற போராட்டத்தில் சிக்கியவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இறந்தார்கள். நோயின் கடுமையைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. நம்மூர்ச் சொல்லில் இதன் பெயர் தெய்வக்குத்தம். ‘நேந்துக்கிட்டதைச் செய்யல, அதான் புள்ள போச்சு’ என்று கேதம் கேட்க வந்தவர் திண்ணையில் சொல்லிவிட்டுப் போகும் ஒரு வாக்கியம், அந்தத் தாயின் தலைக்குள் வருஷக்கணக்கில் தங்கிவிடும். விளக்கம் கொடுக்கும் ஆன்மிகத்தை நான் அஞ்சுவது இதனால்தான்.

இன்னொன்று பூவைப் பற்றியே. ஊரெல்லாம் பூ விளையும் இடத்தில், புருஷன் செத்த பதினாறாம் நாள் ஒருத்தியின் தலையில் கடைசியாகப் பூ வைத்துப் பிடுங்குவதைச் சடங்கு என்கிறோம். மோப்பம் மற்ற புலன்களைப் போல மூளையின் நடுநிலையத்தில் காத்திருந்து போவதில்லை. அமிக்டலாவுக்கும் ஞாபகத்தின் பகுதிக்கும் நேரே குறுக்குவழியில் போகிறது. அவள் பிறகு எத்தனை வருஷம் மல்லிகை வாசம் வரும் தெருவில் நடக்க வேண்டும்? மகாராஷ்டிராவின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹெர்வாட் என்ற ஊராட்சி 2022 மே மாதம் இப்படிப்பட்ட சடங்குகளைத் தடை செய்து தீர்மானம் போட்டது. நம் பக்கத்தில் ஒரு பூ வியாபார ஊர் அதை முதலில் செய்தால் பொருத்தமாக இருக்கும்.

கடவுளிடம் கோபப்படவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. பார்கமென்ட் குழு 2004-இல் தொடர்ந்து பார்த்தபோது, போராட்டம் வருஷக்கணக்கில் ஆறாமல் நீடித்தவர்களுக்குத்தான் நிலைமை மோசமானது. கோபம் வந்து போனவர்கள் கதை வேறு. இதைப் படிக்கும்போது கீரமங்கலம் மெய்நின்றநாதர் கோயில் தடாகத்தில் நிற்கும் 81 அடிச் சிவன் சிலையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எதிரே சின்னதாக நக்கீரர். சாமியோடு நேருக்கு நேர் வாதாடியவரைச் சாமிக்கு எதிரிலேயே நிறுத்தி வைத்திருக்கிற ஊர் அது. வாதாடியவரும் அதே சாமியைப் பாடியவர் என்பதையும் அந்த ஊர் மறக்கவில்லை.

எதனாலும் ஆறாத துக்கமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ‘நீடித்த துக்கக் கோளாறு’ இப்போது இடம்பெறுகிறது. ஆறு மாதத்துக்கு மேலும், அந்தச் சமூகத்தின் வழக்கத்தை மீறியும், அன்றாட வேலையே ஓடாத அளவுக்கு ஏக்கம் நீடித்தால் அது சிகிச்சைக்குரியது. அந்த நிலையில் இருப்பவரைக் கோயிலுக்கு மட்டும் அழைத்துப்போவது, கால் முறிந்தவரைப் பிரகாரம் சுற்றச் சொல்வது மாதிரி. 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவை தமிழிலும் பேசும். யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இரண்டையும் பகையாகப் பார்க்கவில்லை. மூச்சோடு சேர்ந்த தளர்வுப் பயிற்சி கற்றுக்கொடுக்கும்போது, சைவர்களுக்கு ஓங்காரம், கிறிஸ்தவர்களுக்கு இயேசு செபம், முஸ்லிம்களுக்கு ‘சுப்ஹானல்லாஹ்’, பௌத்தர்களுக்குப் ‘புத்தம் சரணம் கச்சாமி’ என்று அவரவர் நாவில் ஏற்கெனவே இருந்த சொல்லையே எடுத்துக்கொண்டார். மேலைநாட்டுப் பாடப் புத்தகத்து வாக்கியத்தைவிட அது மூச்சோடு இலகுவாக ஒட்டியது.

கீரமங்கலத்திலிருந்து அறந்தாங்கி போய், அங்கே பஸ் மாறி இன்னும் பதினாலு கிலோமீட்டர் போனால் ஆவுடையார்கோயில். அந்தச் சிவபுராணத்தைப் பாடிய மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்க வந்த மந்திரி, குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு வந்த வேலையை மறந்த இடம். இங்கே கொடிமரம் இல்லை, நந்தி இல்லை. கருவறையில் ஆவுடை இருக்கிறது, அதன்மேல் லிங்கம் இல்லை. அம்மன் சந்நிதியிலும் உருவம் கிடையாது. பலகணி வழியாகக் குனிந்து பார்த்தால் யோகாம்பாளின் பாதங்கள் மட்டும் தெரியும். இது அருவ வழிபாடு, ஆன்மாவுக்கு உருவமில்லை என்று சைவ சித்தாந்தம் படித்தவர்கள் விளக்குவார்கள். எனக்கு அங்கே போகும்போதெல்லாம் விளக்கம் காதில் ஏறுவதில்லை. சிற்பக் கொடுங்கையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே உள்ளே வந்து, கண் பழக்கத்தில் லிங்கத்தைத் தேடும். தேடிய இடத்தில் ஒன்றும் இருக்காது. ட்ரொண்ட்ஹைம் எலிக்குத் துடித்த செல் எனக்கும் ஒரு கணம் துடிக்கும் போலும். பக்கத்தில் நிற்கிறவர்கள் அந்த ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துத்தான் கை கூப்பிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் சிலர் வீட்டில் காலி நாற்காலி ஒன்று இருக்கும்.

பூஜை நேரத்தில் புழுங்கலரிசிச் சோற்றை வடித்து, ஆவி பறக்கப் பறக்கக் கொண்டுவந்து படைகல்லில் கொட்டுவார்கள். கீரையும் பாகற்காயும் கூட உண்டு. சாமிக்கு நிவேதனம் அந்தச் சோறல்ல, அதிலிருந்து எழும் ஆவி. கூட்டம் பேச்சை நிறுத்தும். ஆவி மெல்ல மேலே போகும், ஆவுடைமேல் யாரும் இல்லாத அந்த இடத்தைத் தொட்டுக் கலையும். அது அடங்கும் வரை யாரும் அவசரப்படுவதில்லை.